நாக்கில் ஒட்டும் கரி

விடிந்ததும் முதலில் முழிப்பது என் வலது தோள்பட்டைதான். இருபத்திரண்டு வருடம் கரி மூட்டை சுமந்த தோள். மழை வரப்போகிறதென்றால் முந்தின நாளே வலிக்கும். மழை வராவிட்டாலும் வலிக்கும். அதனால் அந்த வலியால் யாருக்கும் உபயோகமில்லை.

இப்போது நான் மூட்டை தூக்குவதில்லை. சாயல்குடிக்கு மேற்கே, பேட்டரி கம்பெனியின் கரிக் கொள்முதல் களத்தில் தரம் பார்க்கிறேன். டீசல் படகுகளுக்குத் தடை வந்து ஆறு வருடமாகிறது. கடற்கரை முழுக்க இப்போது லித்தியம் கந்தக பேட்டரிதான். பழைய பேட்டரியில் பாதி எடை. அதற்குக் கந்தகம் எங்கிருந்தோ கப்பலில் வருகிறது. கந்தகத்தோடு சேர்க்கக் கரி வேண்டும். எங்கள் பக்கம் சீமைக்கருவையைத் தவிர வேறொன்றும் விளையாது. வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, பத்து நாள் புகைய விட்டு, நாலு நாள் ஆற விட்டுப் பிரித்தால் கரி. நாற்பத்தைந்து மூட்டங்கள் எங்கள் களத்துக்குக் கரி அனுப்பின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

என் கையில் இரண்டடிக் கம்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். சாக்குக்குள் செருகினால் ஈரம் எவ்வளவு என்று பிடியில் எண் தெரியும். பத்தைத் தாண்டினால் மூட்டை கழிவு.

போன வருடம் வைகாசியில் நாற்பத்தொன்றாம் மூட்டத்துச் சாக்குகள் வந்தன. முத்திருளாயியின் மூட்டம். எனக்கு மதினி முறை. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் குரலுக்கு ஊரே பயப்படும். மூட்டத்தின் முதுகு உள்வாங்கினால் மேலே நிற்கிற ஆள் நெருப்புக்குள் போய்விடுவான். அதனால் யாராவது ஒருத்தர் கீழே நின்று பார்த்துச் சத்தம் கொடுக்க வேண்டும். முத்திருளாயி சத்தம் கொடுத்தால் நாலு மூட்டத்து ஆட்களும் சேர்ந்து குதிப்பார்கள்.

"மதினி, பதினெட்டு காட்டுது."

"காட்டும், காட்டும். கொழுந்தனாரு கம்பிக்கு வேர்த்திருக்கும்."

"தண்ணி ஊத்தியிருக்கீங்க."

"குடிக்கவே குடத்துக்கு அடிச்சிக்கிறோம். இதுல கரியக் குளிப்பாட்டப் போறோமாக்கும்."

ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. உப்பளத்தில் உப்பு வாரி முடித்தபின் பாத்தியில் எஞ்சிக் கிடக்கிற கசப்புத் தண்ணீர். வெறும் தண்ணீரை ஊற்றினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும், எடை நிற்காது. கசப்புத் தண்ணீர் காயாது. காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். கொள்முதல் விதி எழுதினவர்களுக்கு மட்டும் தெரியாது.

"கசக்குது மதினி."

"உங்க ஆத்தா ஊத்தாததையா நான் ஊத்திட்டேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மைதான். என் அம்மா ஊற்றியிருக்கிறாள். வாளியைத் தூக்கிக் கொடுத்தவன் நான்.

அன்று ஒன்று வித்தியாசமாக இருந்தது. அந்தத் துண்டு என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. வாயிலிருந்த எச்சிலெல்லாம் வற்றிப்போனது.

"என்ன மதினி பண்ணுனீங்க இத?"

"மூட்டம் ஒடைஞ்சு தீப் புடிச்சிருச்சு. பக்கத்துல இருந்தது அந்தக் கசப்புத் தண்ணி டிரம்மு ஒண்ணுதான். செவச்செவன்னு எரியும்போதே ஊத்தி அமத்துனோம். போதுமா? இல்ல, பத்திரத்துல எழுதித் தரணுமா?"

எட்டு மூட்டையையும் கழிவில் போட்டேன். அவள் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல.

ஆனியில் கம்பெனி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெசிந்தா. வேம்பாற்றுக்காரி. முப்பது வயதிருக்கும். கையில் கண்ணாடிக் குப்பி, அதற்குள் கரித்தூள். எனக்கு ஒரு நாற்காலி தேடிப் போட்டு உட்காரச் சொன்னாள். களத்தில் என்னை யாரும் அப்படி உட்கார வைத்ததில்லை.

"அண்ணே, கழிவுக் கரிய எங்க பாய்லருக்கு அனுப்புறீங்கல்லா, அதுல ஒரு கைப்பிடி எடுத்துச் சும்மா பேட்டரி செஞ்சு பாத்தேன். நல்ல கரியில செஞ்சது இருநூத்தம்பது தடவ சார்ஜ் ஏத்தினா செத்துரும். இது ஆயிரத்த நெருங்கிட்டு. இன்னும் ஓடுது."

"கழிவுக் கரியா?"

"கழிவுக் கரிதான்."

"அதெப்படி?"

"கந்தகம் சார்ஜ நல்லாச் சுமக்கும்ணே, ஆனா அதுக்குள்ள கரண்டு போகாது. கரிதான் கரண்டக் கொண்டுபோய் அது வாசல்ல விடணும்."

"அப்ப கரி ரோடு."

"ரோடும் அதுதான், வீடும் அதுதான். லித்தியம் வந்து சேந்தா கந்தகம் ஊதிப்போகும். வீட்ல காலி இடம் இல்லன்னா செவரு பொளந்துரும். இன்னொரு சங்கடம், பாதியில கந்தகம் கரைஞ்சு எதிர்ப்பக்கம் ஓடிரும். ஓடினது திரும்பாது. தினமும் கொஞ்சங்கொஞ்சமாப் போயி ஒருநாள் பேட்டரி படுத்துரும்."

"திருப்பூருக்குப் போன எங்க ஆளுக மாதிரி."

சிரித்தாள். "அதேதாம்ணே. வீட்டுக்குள்ள அறை நெறைய இருக்கணும், வாசல் சின்னதா இருக்கணும். அப்பத்தான் உள்ள நிக்கும். இந்தக் கரியில அப்படி இருக்கு. யாரு செஞ்சது, எப்படிச் செஞ்சதுன்னு தெரிஞ்சாகணும்."

யாருடைய கரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கலப்படம் என்று பேர் வந்தால் மூட்டத்து எண்ணை அடித்துவிடுவார்கள். முத்திருளாயிக்கு வேறு பிழைப்பில்லை.

ஜெசிந்தா குப்பியை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "போன பொரட்டாசியில எங்க அண்ணனோட மீன்புடி போட்டு நடுக்கடல்ல நின்னுட்டு. பேட்டரி படுத்துட்டு. ரெண்டு நாள், குடிக்கத் தண்ணி இல்லாம. எங்க அண்ணன் அருளப்பன் வந்துட்டான். கூடப் போன பெரியவரு வரல."

"அந்த மூட்டத்துக்காரவுக மேல நடவடிக்கை எதுவும் வராதுன்னு சொல்லுங்க."

"வராது. நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டேன்.

மறுநாளே இருவரும் மூட்டத்துக்குப் போனோம். முத்திருளாயி எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "கழிவுன்னு தள்ளுன வாய்தான இது? இப்ப செஞ்சு காட்டுன்னு கேக்குது?"

ஆனாலும் செய்து காட்டினாள். ஆறாத மூட்டத்தில் மண்ணை உடைத்தாள். உள்ளே கனல். வாளியை வீசினாள். வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. மூட்டப் புகை எனக்குப் பழக்கம். இது அந்தப் புகை இல்லை. தொண்டைக்குள் பிளேடு இறங்கின மாதிரி இருந்தது. ஜெசிந்தா கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினாள். முள்ளில் சேலை மாட்டிக் கிழிந்தது.

இருமி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. "அக்கா, இது ஆசிட் ஆவி. கசப்புத் தண்ணியில இருக்க உப்பு, நெருப்புல பட்டதும் ஆசிட்டா வெளிய வருது. மிச்சம் கரிக்குள்ள ஒக்காந்துக்குது. அத நாங்க கழுவி எடுத்தா, அது இருந்த எடமெல்லாம் காலி அறையா நிக்குது. அதுதான் வெஷயம். ஆனா இனிமே இப்படிச் செய்யாதீங்க."

"நானா ஆசப்பட்டுச் செஞ்சேன்? தீப் புடிச்சுச்சு, செஞ்சேன்."

"ஆறுன கரியில கசப்புத் தண்ணிய ஊற வச்சு, மூடுன உலையில திரும்பச் சுடணும். ஆவியக் குழாய் வச்சுப் புடிச்சிரலாம். மூணு மாசம் குடுங்க. உலை வந்துரும்."

"மூணு மாசம் என்ன, ஆறு மாசம் எடுத்துக்க தாயி. யாரு கழுத்தப் புடிச்சா?"

கழுத்தைப் பிடித்தார்கள். அடுத்த வாரம் களத்தில் பலகை வைத்தார்கள். நாற்பத்தொன்று வகைக் கரிக்கு ஒன்றரை மடங்கு விலை. கனலாக இருக்கும்போதே பிரித்து, கசப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூடிய உலை வரும்வரை தற்காலிக ஏற்பாடு. கீழே சின்ன எழுத்தில், முகக்கவசம் அணிக. கவசமும் கொடுத்தார்கள். துணிக் கவசம். மூன்றாம் நாள் இழை இழையாகப் பிரிந்து வந்தது.

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்கிற நிலையில் யார் இருந்தார்கள்? முத்திருளாயி தன் மூட்டத்தின் எண்ணே ஊர்ப்பேச்சாகிவிட்டதில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

சிக்கல் வேறெங்கோ வந்தது. ஆவிக்குப் பயந்து சிலர் ஆறவிட்டு ஊற்றினார்கள், கரி பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். கனலில் ஊற்றியதா, ஆறினபின் ஊற்றியதா என்று எடையும் காட்டாது, என் கம்பியும் காட்டாது. ஆய்வுக்கூடத்தில் பேட்டரி செய்து ஓட்டிப் பார்க்க இருபது நாள் ஆகும். ஜெசிந்தா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாக்குல வச்சுப் பாக்கலாம்," என்றேன்.

"என்ன?"

"ஒட்டுனா அது. ஒட்டாட்டி இல்ல."

நம்பவில்லை. நாற்பது துண்டு கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். நான் நாக்கில் வைத்து வைத்துப் பிரித்தேன். இருபது நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. முப்பத்தெட்டு சரி. "ஒங்க நாக்குல ஒரு லேபே இருக்குண்ணே," என்றாள். காலி அறைகள் எச்சிலை உறிஞ்சுவதால்தான் ஒட்டுகிறதாம். கம்பெனி எனக்கு மேசை, மின்விசிறி, வாய் கொப்பளிக்க ஒரு கேன் தண்ணீர் எல்லாம் கொடுத்தது. மேலாளர் வந்து கை கொடுத்தார். லாரிக்காரர்கள் எனக்கு 'நாக்கு' என்று பேர் வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூட்டை தூக்கினவனுக்கு உடம்பில் தோளைத் தவிர இன்னொரு இடத்துக்கும் மரியாதை கிடைத்ததென்றால் சும்மாவா? ஒட்டாத மூட்டையை ஒருபோதும் உள்ளே விட்டதில்லை. எவன் உறவு, எவன் பகை என்று பார்த்ததில்லை. மாதக் கடைசியில் ஒரு தாள் எழுதி அனுப்புவேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தேறியது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தேறியது.

ஐப்பசி மழை வந்து போனது. உலை வரவில்லை. கேட்டால் ஜெசிந்தா, "மேல பேசிட்டிருக்கேம்ணே," என்பாள். சொல்லும்போது மேசையைப் பார்ப்பாள்.

மார்கழியில் பன்னிரண்டாம் மூட்டத்தில் முதுகு உள்வாங்கி ஒருத்தனுக்கு முழங்கால்வரை வெந்தது. சத்தம் கொடுக்கக் கீழே நின்றவள் முத்திருளாயிதான். அவள் கத்தியிருக்கிறாள். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்திருக்கிறது.

தையில் ஒருநாள் அவளுடைய பதினொரு மூட்டைகள் வந்தன. ஒரு துண்டை எடுத்து வைத்தேன். நாக்கில் ஒட்டாமல் நழுவியது. இன்னொரு மூட்டையில் எடுத்தேன். அதுவும் நழுவியது.

"மதினி."

அவள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். நிற்க முடியவில்லை.

"இது ஆறுனப்புறம் ஊத்துனது."

"தெரியுதுல்ல?" பழுதான குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி விட்டு விட்டுப் பேசினாள். "பேசாம உள்ள விடுங்க."

"போட்டுக்குப் போற சரக்கு மதினி. நடுக்கடல்ல நின்னுரும். ஆளுக இருப்பாக."

"மூட்டத்துல இருக்கது ஆளுக இல்லியா? கொரங்கா?"

மூன்றாவது மூட்டைக்குள் கையை விட்டேன்.

"ஒரு மாசம். நெஞ்சு கொஞ்சம் ஆறிக்கிரட்டும். கொழுந்தனாரே, ஒரே ஒரு மாசம் ஒங்க நாக்க உள்ள வச்சிக்கங்க. ஒங்ககிட்ட வேற என்ன நான் கேட்டிருக்கேன்?"

அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. திட்டியிருக்கிறாள், கேலி செய்திருக்கிறாள். கேட்டதில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு விட்டால் அவர்களுக்கும் விட வேண்டும். கடலில் தண்ணீருக்கு நடுவே தண்ணீரில்லாமல் செத்த அந்தப் பெரியவர் எனக்கு முகம் தெரியாதவர். அவர் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்க்காமலிருக்க அது வசதியாக இருந்தது.

பதினொரு மூட்டையிலும் சுண்ணாம்புக்கட்டியால் கழிவு என்று எழுதினேன்.

அவள் திட்டவில்லை. சாக்கைப் பிடித்து எழுந்தாள். "சரி," என்றாள். அடுத்த முறை வந்த கரி நன்றாக ஒட்டியது.

சித்திரையில் உலை ஓட ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து கார் அனுப்பி என்னை அழைத்துப் போனார்கள். கூட்டத்தில் மேலாளர் என் பேரைச் சொல்லி ஒரு சால்வை போர்த்தினார். உலை லாரி நீளத்துக்கு இருந்தது. ஒரு பக்கம் கரி போகிறது, மறு பக்கம் கரி வருகிறது, ஆவியைக் குழாய் கொண்டுபோய்த் தொட்டியில் அடைக்கிறது. பக்கத்தில் நின்றேன். தொண்டையில் ஒன்றும் இல்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

உலையின் கால்களில் துரு ஏறியிருந்தது. ஒரு குழாயின் மேல் குளவி கூடு கட்டி, அந்தக் கூடும் பழசாகிக் காலியாக இருந்தது. துடைத்துக்கொண்டிருந்த ஆளிடம், "புது உலைன்னாக, பழசா?" என்று கேட்டேன்.

"புதுசுதாம்யா. வந்து ஆறு மாசமாச்சு. தார்ப்பா போட்டு மூடிக் கெடந்துச்சு."

ஜெசிந்தாவைத் தேடிப் போனேன். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தாள். சால்வையோடு என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப வந்துச்சு?"

"ஐப்பசியில."

"ஏன் ஓட்டல?"

"ஓட்டுனா செலவுண்ணே. மாசா மாசம் மேல இருந்து ஒரே கேள்விதான் வரும். மூட்டக் கரி தரமா வருதான்னு. ஒங்க தாளு போகும். நூத்துக்குத் தொண்ணூத்தாறு. வருதுல்லா, அப்ப உலை எதுக்குன்னுருவாங்க."

"இப்ப மட்டும் ஏன் ஓட்டுறாக?"

"மூட்டத்துக்கு ஆள் இல்ல. பாதிப் பேருக்கு நெஞ்சு போயிட்டு. கரி வரத்து கொறஞ்சிட்டு."

"எங்கிட்ட ஏன் சொல்லல நீ?" முதன்முதலாக அவளை ஒருமையில் பேசினேன்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"ரெண்டு மாசம் நாக்க மூடியிருப்பேன். ஒட்டாததையும் உள்ள விட்டிருப்பேன். தரம் கெட்டா உலைய ஓட்டித்தான ஆகணும்?"

"அந்த ரெண்டு மாசத்துச் சரக்கு போட்டுக்குப் போயிருக்கும். எங்க அண்ணன் போட்டுக்கு." என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "அதான் சொல்லல. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

அவளுக்கு அவள் அண்ணன். நல்ல கரி எது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் மூட்டங்கள் ஆறு மாதம் கூடுதலாக ஓடின. நான் கொஞ்சம் அசட்டையாக வேலை பார்த்திருந்தால் அந்தத் தார்ப்பாயை அப்போதே எடுத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை களத்துக்குப் புதிய விதி வந்தது. உலைக்குப் போகிற கரி ஆறினபின் கசப்புத் தண்ணீரில் ஊறியதாக இருக்க வேண்டும். ஈரம் பதினெட்டுக்குக் குறைந்தால் கழிவு. தையில் நான் சுண்ணாம்பால் எழுதித் தள்ளிய பதினொரு மூட்டைகளும் அப்படிப்பட்ட கரிதான். உலை அன்று தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதற்கான தீனி என் காலடியில் கிடந்தது. நாக்கு இனித் தேவையில்லை. என்னை மறுபடி கம்பியைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று மத்தியானம் முத்திருளாயி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராதாம், தூங்குவதும் உட்கார்ந்துதானாம். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். சால்வை விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பொன்னாடை... போத்துனாகளாமே... நாக்குக்கா... ஒடம்புக்கா?"

சிரிக்க முயன்று இருமினாள். இருமல் அடங்கக் காத்திருந்தேன். சொம்பை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்தாள்.

"உலை... வந்திருச்சாமே. எப்ப வந்துச்சு?"

வரும் வழியெல்லாம் இதற்குத்தான் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். ஐப்பசியில் மதினி. நீங்கள் கேட்டபோது அது இருந்தது.

"இப்பத்தான்," என்றேன். "போன வாரம்."

தலையை ஆட்டினாள். "இன்னுங் கொஞ்சம்... முன்னாடி வந்திருக்கலாம்." பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் முழங்கையைத் தட்டினாள். "நீங்க என்ன செய்வீக. ஒங்க வேல."

தோள்பட்டை வலித்தது. எழுந்து வந்துவிட்டேன்.

முத்திருளாயி என்னிடம் ஒரு மாதம் கேட்டாள். அந்த ஒரு மாதத்தை நான் கொடுக்கவில்லை. உலை எப்போது வந்ததென்று கேட்டாள். அதற்கும் உண்மையான பதிலைக் கொடுக்கவில்லை. ஒன்றை இனிக் கொடுக்க வழியில்லை. இன்னொன்றை இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.